நிலத்தோடு பூட்டியதும் சில்லில் நிற்பதும்

1

இந்த வருடம் என் பிறந்தநாளுக்கு மகள் ஆரணி சில்லு வாங்கித் தந்தாள். இந்த வயதில் மற்றத் தகப்பன்மாருக்குச் சட்டை கிடைக்கும், மணிக்கூடு கிடைக்கும், குறைந்தபட்சம் ஒரு கேக்காவது கிடைக்கும். எனக்குக் கிடைத்தது ஒரு மட்டைப்பெட்டி. தூக்கியவுடனேயே தோள்மூட்டு இறங்கியது. உள்ளே மெசினின் காலில் பூட்டி உருட்டுகிற கனத்த இரும்புச் சில்லுகள், ஒவ்வொன்றும் என் உள்ளங்கையைவிடப் பெரியவை.

"கராச்சிலை நிக்கிற மெசினுக்கு, அப்பா. இனி நீங்கள் முதுகு நோக இழுக்கத் தேவையில்லை" என்றாள்.

இதை முழுவதும் தமிழில் சொன்னாள். எனக்கு அங்கேதான் சந்தேகம் தட்டியது.

ஊரில் இருப்பவர்களுக்கு இது விளங்காது, சொல்லிவிடுகிறேன். ஆரணி ரொறன்ரோவில் பிறந்தவள். என்னோடு ஆங்கிலத்தில் கதைப்பாள், நான் தமிழில் பதில் சொல்வேன். இருவருக்கும் பாதி விளங்கும், மீதியைத் தாய் மொழிபெயர்ப்பாள். அவள் தானாகத் தமிழுக்கு வந்தால் ஏதோ அலுவல் இருக்கிறது என்று அர்த்தம். பல்கலைக்கழகம் தூர இடத்தில் என்று சொன்னபோது தமிழில் சொன்னாள். தனியாக வீடு எடுத்துப் போகப்போகிறேன் என்றபோது வசனத்துக்கு வசனம் சுத்தத் தமிழ். அதனால் அவள் வாயில் தமிழ் வந்தால் எனக்குச் சந்தோஷமும் பயமும் சேர்ந்து வரும்.

எங்கள் கராச்சில் கார் நிற்பது பனிக்காலத்தில் மட்டும். மற்ற மாதங்களில் அது என் பட்டறை. மேசைவாள் ஒன்றும் பலகை சீவுகிற மெசின் ஒன்றும் வைத்திருக்கிறேன். பனி விழத் தொடங்கியதும் இரண்டையும் சுவரோரம் தள்ளிவிட்டுக் காரை உள்ளே விடவேண்டும். மெசினோடு வந்த சில்லுகள் சின்னப் பிளாஸ்டிக் சில்லுகள். காரோடு உள்ளே வருகிற உப்பிலும் மணலிலும் அகப்பட்டு அவை வெடித்துப்போய்விட்டன. போன பனிக்காலம் மேசைவாளை இழுத்ததில் முதுகு பிடித்து, கிழமைக்கணக்கில் படுத்துக் கிடந்தேன். ஆகவே சில்லு மாற்றவேண்டும் என்பதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஆனால் இவ்வளவு பெரிய சில்லு ஏன்? சுவரோரம் தள்ளுவதற்கு இது தேவையில்லை. இந்தச் சில்லில் ஏற்றினால் மெசின் கராச் வாசலைத் தாண்டும், வாசலில் இருந்து றோட்டுக்குப் போகும், றோட்டில் நிற்கிற லொறிக்கும் ஏறும். "இவ்வளவு பெரிய வீட்டிலை நீங்களும் அம்மாவும் தனிய என்ன செய்யிறியள்?" என்று அவள் கேட்கத் தொடங்கியே கனகாலம். தன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடிக் குடியிருப்பில் நல்ல இடம் இருக்கிறது என்றும் சொல்லிவிட்டாள். மாடிக் குடியிருப்பில் கராச் இல்லை.

பெட்டியை வேலைமேசைக்குக் கீழே தள்ளி, மேலே பழைய சாக்கொன்றைப் போட்டுவிட்டேன்.

"பிள்ளை ஆசையாய்த் தந்ததை ஒளிச்சு வைக்கிறியள்" என்றாள் மனைவி.

"ஏன் தந்தவள் எண்டு முதல் தெரியட்டும்" என்றேன்.

2

அந்தக் கிழமை முடிவதற்குள் மானிப்பாயில் இருந்து தங்கச்சி ரஞ்சி ரெலிபோன் எடுத்தாள். சுகம் விசாரித்தாள், குளிர் எப்படி என்றாள், பிறகு மெல்ல வந்தாள்.

"அண்ணை, ஆரணி உங்களுக்குச் சில்லு வாங்கித் தந்தவவாம். நிலானிக்குப் படம் அனுப்பியிருந்தவ. அதைப் போலை பாரம் தாங்கிற சில்லு எங்களுக்கும் அனுப்பிவிடுவியளோ? உங்கடை ரெண்டு மெசினுக்கும்."

நிலானி ரஞ்சியின் ஒரே மகள். அவளும் ஆரணியும் வட்ஸ்அப்பில் கதைப்பது எனக்குத் தெரியும். என்ன கதைக்கிறார்கள் என்றுதான் தெரியாது.

"ஏன்?" என்று கேட்டேன்.

"சும்மாதான். கூட்டித் துடைக்கச் சுகமெல்லே."

அந்த மெசின்கள் அங்கே நிற்கத் தொடங்கி எத்தனையோ காலம். இவ்வளவு நாளும் கூட்டாத இடத்தை இப்போது ஏன் கூட்டவேண்டும்?

அவை என்னுடைய மெசின்கள். வெளிநாடு வரமுதல் மானிப்பாயில் தளபாட வேலை செய்துகொண்டிருந்தேன். மரத்தை வளைத்து அறுக்கிற பாண்ட்சோ ஒன்று, பலகை சீவுகிற மெசின் ஒன்று. வீட்டுக்குப் பின்னால் கொட்டில் போட்டு, நிலத்துக்குச் சீமெந்து இழுத்து, அந்தச் சீமெந்துக்குள் போல்ற் இறக்கி, மெசின்களின் காலை நானே பூட்டினேன். மெசின் ஓடும்போது நிலம் அதிரக்கூடாது என்பதற்காகச் செய்த வேலை அது. பிறகு அந்தப் போல்ற் வேறு விதமாகவும் உதவியது.

சண்டையில் எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் இடம்பெயர்ந்தபோது நாங்களும் சைக்கிளில் கட்டக்கூடியதைக் கட்டிக்கொண்டு தென்மராட்சிக்குப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் வீட்டில் கதவில்லை, யன்னல் நிலை இல்லை, கிணற்றுக் கப்பி இல்லை, கோழிக்கூட்டின் வலைகூட இல்லை. ஆர் கொண்டுபோனார்கள் என்று கேட்டால் எல்லோரும் மற்ற ஆட்களைச் சொன்னார்கள். கொட்டிலின் கூரையும் போய்விட்டிருந்தது. மெசின்கள் மட்டும் மழையில் நனைந்தபடி நின்ற இடத்திலேயே நின்றன. போல்ற் தலைகளைச் சுற்றி அலவாங்கு போட்டு நெம்பிய தழும்பு இருந்தது. கழற்றிப் பார்த்திருக்கிறார்கள், முடியவில்லை. அன்றைக்கு நான் படித்த பாடம் இன்றைக்கும் மாறவில்லை. பூட்டியது நிற்கும். சில்லில் இருப்பது போய்விடும்.

பிறகு ரஞ்சிக்குக் கலியாணம் வந்தது. அப்பாவும் அம்மாவும் வீட்டை அவளுக்குச் சீதனமாக எழுதினார்கள். வேலிக்கு அந்தப்பக்கம் இருந்த துண்டுக் காணியை முதுசமாக எனக்கு எழுதினார்கள். மெசின்கள் சீதன வீட்டுக் கொட்டிலிலேயே நின்றன. அடுத்த வருடம் நான் வெளிக்கிட்டுவிட்டேன். திரும்பி வந்து பட்டறை போடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் வெளிக்கிட்டேன். இங்கே வந்தவர்கள் எல்லோரும் அப்படி ஏதாவது சொல்லிவிட்டுத்தான் வந்தார்கள். நான் அதை இன்னும் நம்புகிறேன். ஊரில் எனக்கு ஒரு இடம் இருக்கிறது என்பதற்கு அந்த இரண்டு மெசின்களும்தான் சாட்சி. துண்டுக் காணியில் நெருஞ்சி முள்ளும் பாம்பும் தவிர ஒன்றுமில்லை.

இப்போது அவற்றுக்குச் சில்லு வேண்டுமாம்.

3

இல்லை என்று சொல்லவில்லை. சொன்னால், அண்ணன் ஒரு சில்லுக்குக் கணக்குப் பார்க்கிறான் என்று கதை வரும். கடைக்குப் போனேன். எங்கள் பக்கத்துக் கடைக்காரப் பையனுக்கு என் ஆங்கிலமும் எனக்கு அவனுடைய ஆங்கிலமும் பழகிப்போய்விட்டன. "எங்கே தள்ளப்போகிறீர்கள்?" என்று கேட்டான். "அதைத்தான் நானும் அறியவேண்டும்" என்றேன். அவன் சிரித்தான். நான் பகிடி விடவில்லை.

சில்லு தெரிவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மெசினின் பாரத்தைக் கால்களின் எண்ணிக்கையால், நாலால், பிரித்துச் சில்லு வாங்குவார்கள். அது பிழை. எந்த நிலமும் மட்டமில்லை. எப்போதும் ஒரு சில்லு பள்ளத்துக்கு மேலே சும்மா தொங்கிக்கொண்டு நிற்கும், பாரம் முழுவதும் மற்ற மூன்றிலும்தான். ஆகவே மூன்றால் பிரித்து, அதற்கும் மேலே கொஞ்சம் கூட்டி வாங்கவேண்டும். தரையில் தடம் விடாத, கல்லில் வெடிக்காத இறப்பர் போட்ட இரும்புச் சில்லாகத் தெரிந்தேன். எல்லாவற்றுக்கும் பிரேக். அதுவும் சும்மா பிரேக் அல்ல. காலால் அமத்தினால் சில்லு உருளவும் மாட்டாது, திரும்பவும் மாட்டாது. சில்லுத்தான் கேட்டார்கள், ஆனால் முடிந்தவரை நிற்கிற சில்லாகப் பார்த்து அனுப்பினேன்.

சாமான் அனுப்புகிற இடத்தில் படிவம் நிரப்பினார்கள். "என்ன வாகனத்தின் சில்லு?" "வாகனமில்லை, மெசின்." "மெசினும் போகுதோ?" "மெசின் அங்கை நிக்குது." "அப்ப சில்லு மட்டும் ஏன் போகுது?" பெட்டியைத் தராசில் நிறுத்த பெட்டையும் என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தாள். எனக்கு அவளில் ஒரு மதிப்பே வந்துவிட்டது.

கொழும்புச் சுங்கத்தில் பெட்டி மறிபட்டது. வாகன உதிரிப்பாகமென்றால் வேறு சட்டமாம். ரஞ்சிக்கு அங்கிருந்து ரெலிபோன் வந்தது. பிறகு அவள் எனக்கு எடுத்து முறைப்பாடு சொன்னாள்.

"வீட்டிலை நிக்கிற மெசினுக்கு ஏன் சில்லு எண்டு அந்த மனிசன் கேக்குது, அண்ணை."

"நல்ல கேள்விதானே. நீ என்ன சொன்னனீ?"

"கூட்டித் துடைக்க எண்டு சொன்னன். அதுக்குப் பிறகுதான் விட்டவை."

அரசாங்கம் நம்பிவிட்டது. நான் நம்பவில்லை.

சில்லுப் பூட்டியவுடன் வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னேன். வந்தது. தங்கச்சியின் புருஷன் தவராசா எடுத்திருக்கிறார். மெசின்களின் காலுக்குக் கீழே கோண இரும்பில் சட்டம் அடித்து, அதில் சில்லைப் பூட்டியிருந்தார்கள். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வீடியோவில் சில்லு தெரிந்தது, மெசினின் கால் தெரிந்தது, பின்னால் சுவர் தெரியவில்லை. இன்னொன்று அனுப்பச் சொன்னேன். அதிலும் சுவர் இல்லை. நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில் இன்னொன்று கண்ணில் பட்டது. பாண்ட்சோவின் தட்டில் மரத்தூள் கிடந்தது. மஞ்சள் நிறத்தில், புதுத்தூள். நான் விட்டுவிட்டு வந்த மெசின் ஓடுகிறது. ஆர் ஓடவிடுகிறார்கள்?

தவராசா கூட்டுறவுக் கடையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். அவருக்கு மரவேலை தெரியாது. கதைக்கவும் தெரியாது. நான் என்ன கேட்டாலும் "ஓம் மச்சான்" என்பதோடு நிறுத்திவிடுவார். கதைக்காத மனிதர்கள் ஏதோ வைத்துக்கொண்டுதான் கதைக்காமல் இருக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

நான் ஊருக்கு வரப்போகிறேன் என்று ரஞ்சியிடம் சொன்னேன்.

"வாங்கோ அண்ணை, நல்லதாப் போச்சு. வெள்ளிக்கிழமை வந்து நில்லுங்கோ. அதுக்கு முதல் வந்திடாதேங்கோ."

"ஏன்?"

"வீடு கிடக்கிற கிடை சரியில்லை. வெள்ளிக்கிழமை வாங்கோ."

பிறந்த ஊருக்குப் போக நாள் குறித்துத் தருகிறார்கள். வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு, புதன்கிழமை போய் இறங்குகிற மாதிரிச் சீட்டுப் போட்டேன்.

4

யாழ்ப்பாணத்தில் இறங்கி ஓட்டோவில் மானிப்பாய்க்குப் போகும்போது சாரதி என்னிடம் எந்த நாடு என்று கேட்டார். ஊர்க்காரன்தான் என்றேன். பெட்டியில் ஒட்டியிருந்த விமானச் சீட்டைப் பார்த்துவிட்டு, "ஓம் ஐயா, ஊர்க்காரர்தான்" என்றார். அந்த "ஐயா"வும் எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டின் முன்வாசலால் போகவில்லை. ஒழுங்கையால் சுற்றி, பின் படலையைத் திறந்துகொண்டு நேரே கொட்டிலுக்குப் போனேன்.

கொட்டில் வெறும் கொட்டிலாகக் கிடந்தது.

மெசின்கள் இல்லை. நான் இறக்கிய போல்ற்றுகளை நிலத்தோடு மட்டமாக வாளால் வெட்டி, மேலே சீமெந்து பூசியிருந்தார்கள். சீமெந்து இன்னும் வெளிறவில்லை. கோபம் வந்தது என்று சொல்லத்தான் விருப்பம், ஆனால் அது கோபமில்லை. ஒரு வீட்டுக்குள் போய் என்னுடைய பெயரைச் சொல்ல, ஆர் நீங்கள் என்று கேட்டதுபோல இருந்தது. குந்தியிருந்து அந்த ஈரச் சீமெந்தை விரலால் தடவினேன்.

"ஐயோ, அண்ணை! வெள்ளிக்கிழமை எண்டெல்லே சொன்னனீங்கள்!"

ரஞ்சி கையில் ஓலைக் கடகத்தோடு நின்றாள். கட்டிப்பிடிக்க வந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டாள்.

"மெசின் எங்கை?" என்றேன். எத்தனை வருடத்துக்குப் பிறகு கண்ட தங்கச்சியிடம் நான் கேட்ட முதல் வார்த்தை அது.

"வித்துப்போட்டம் எண்டு நினைச்சியளோ?"

"எங்கை எண்டு கேட்டனான்."

அவள் வேலிப் பக்கம் கையைக் காட்டினாள். வேலியில் ஒரு பொட்டு வெட்டி, வழி விட்டு, புதுப் படலை போட்டிருந்தது. அதற்கு அப்பால் என்னுடைய துண்டுக் காணி. நெருஞ்சியைக் காணவில்லை. நடுவில் சீமெந்துத் தளம். அதன்மேல் பாதிக்குத் தகரம் போட்ட ஒரு கொட்டில். தவராசா ஏணியில் நின்று மீதித் தகரத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். உள்ளே பாண்ட்சோவும் சீவுமெசினும் நான் அனுப்பிய சில்லுகளில் நின்றன. எல்லாச் சில்லுக்கும் பிரேக் அமத்தியிருந்தது.

சொன்னால் சிரிப்பீர்கள். எனக்கு முதல் வந்த யோசனை, என் காணியில் என்னைக் கேட்காமல் கட்டடம் போடுகிறார்களே என்பதுதான்.

தவராசா ஏணியால் இறங்கி வந்தார். என்னைவிட மெலிந்து போயிருந்தார். "வாங்கோ மச்சான்" என்றார். பிறகு, அவர் வாயில் இருந்து நான் அதுவரை கேட்டதையெல்லாம் கூட்டினாலும் வராத அளவுக்குக் கதைத்தார்.

"நிலானிக்கு ஒரு இடம் பொருந்தியிருக்கு, மச்சான். கொழும்புத்துறைப் பகுதி. வீட்டை அவளுக்கு எழுதப்போறம். அவை வந்து வீடு வளவு பாத்தவை. பாத்துக்கொண்டு போகேக்கை மாப்பிள்ளையின்ரை தகப்பன் கொட்டிலுக்கை நிண்டு உந்த மெசினைத் தட்டிப் பாத்துப்போட்டு, உதுவும் வீட்டோடையோ எண்டு கேட்டார். நிலத்தோடை பூட்டிக் கிடக்கிற சாமான். என்ரை மச்சானின்ரை எண்டு நான் சொல்லலாம். ஆனால் எழுத்து முடிஞ்சாப்பிறகு அவை தங்கடை எண்டு நினைப்பினம். நீங்கள், நான் உங்கடை மெசினைச் சீதனத்தோடை சேத்துக் குடுத்துப்போட்டன் எண்டு நினைப்பியள். அதுதான் போல்ற்றை வெட்டினன். உங்கடை சாமான் உங்கடை காணியிலை நிண்டால் ஒருத்தரும் ஒண்டும் சொல்லேலாது."

"நான் அப்பிடி நினைப்பனோ?" என்றேன்.

ரஞ்சி கடகத்தைக் கீழே வைத்தாள். மெசினுக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. நிலானி தூசி மறைக்கத் தலையில் துவாய் கட்டிக்கொண்டு அங்கேதான் நின்றிருக்கிறாள்.

"வெள்ளிக்கிழமை வாறன் எண்டு சொல்லிப்போட்டு நீங்கள் புதன்கிழமை வந்து நிக்கிறியள், மாமா" என்றாள்.

5

வாயை மூடிக்கொள்ளவேண்டிய இடம் அது. நான் மூடவில்லை.

"கலியாணம் எண்டு எனக்கு ஏன் சொல்லேல்லை?" என்று ரஞ்சியைக் கேட்டேன். "ஆரணிக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"என்ரை பிள்ளைக்குத் தெரியும். எனக்குத் தெரியாது."

"உங்களுக்கு என்னெண்டு சொல்லுறது, அண்ணை?" என்றாள். "எதைச் சொன்னாலும் ஏன் எண்டுதானே கேக்கிறியள். கலியாணம் எண்டு சொன்னால் காசுக்கு அடிபோடுறம் எண்டு நினைப்பியள். சில்லுக் கேட்டதுக்கே எத்தினை வீடியோ கேட்டனீங்கள்? இவர் ஒவ்வொரு முறையும் குனிஞ்சு நிண்டு எடுத்தவர். பின்னாலை கொட்டில் வேலை நடக்கிறது தெரியாமல் எடுக்கவேணும் எண்டு. நீங்கள் வரேக்கை எல்லாம் முடிஞ்சிருக்கவேணும், மாப்பிள்ளை பகுதி வாற வெள்ளிக்கிழமை தாய்மாமன் சபையிலை இருக்கவேணும். அதுக்குத்தான் வெள்ளிக்கிழமை வாங்கோ எண்டனான்."

எனக்கு அழுகை வந்தது. இத்தனை வருடமும் மெசினை ஆர் கொண்டுபோய்விடுவார்கள் என்று காவல் இருந்தேன். மெசின் போகவில்லை. என் மருமகளின் கலியாணச் செய்திதான் என்னைச் சுற்றிக்கொண்டு, என் மகளின் ரெலிபோனுக்குப் போயிருக்கிறது. அதை ஆரும் களவெடுக்கவில்லை. என்னிடம் கொண்டுவரப் பயந்திருக்கிறார்கள்.

சமாளிக்கிறதற்காக மெசினைச் சுற்றி வந்தேன். தட்டில் அந்த மஞ்சள் தூள் கிடந்தது. பலாமரம்.

"ஆர் இதை ஓடவிடுறது?" என்றேன். கேட்ட பிறகுதான் அந்தக் குரலே எனக்குக் கேட்டது.

"நான்தான் மாமா" என்றாள் நிலானி. அவள் மாகாண அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறாள். பின்னேரம் வந்து மரம் அறுக்கிறாளாம். மூலையில் சாக்கை நீக்கிக் காட்டினாள். சின்னப் பிள்ளைகள் இருந்து எழுதுகிற மேசைகள். காலில் ஒரு வளைவு விட்டு, விளிம்பெல்லாம் மழுக்கி, கை வைத்தால் வழுக்குகிற மேசைகள். பக்கத்து முன்பள்ளிக்குச் செய்கிறாளாம். "பழகினது வீடியோ பாத்துத்தான். பாண்ட்சோவின்ரை வாள் பட்டி அறுந்தால் ஆரணி அங்கை கேட்டுச் சொல்லுவா."

ஆரணி ஆரைக் கேட்டுச் சொல்லியிருப்பாள்? சாப்பாட்டு மேசையில் சும்மா கேட்கிற மாதிரி என்னைத்தான் கேட்டிருக்கிறாள். வாள் பட்டி ஏன் அறுகிறது, எவ்வளவு இறுக்கவேண்டும் என்று. அதையும் தமிழில்தான் கேட்டாள். நான்தான், இவள் ஊர் மெசினை விற்க விபரம் சேர்க்கிறாள் என்று பாதி மறைத்துச் சொன்னேன்.

"நான் இறுக்கச் சொன்னது பிழை" என்றேன் நிலானியிடம். "கொஞ்சம் இளக்கிவிடு."

அன்று பின்னேரம் மீதித் தகரத்தை நானும் தவராசாவும் அடித்து முடித்தோம். அவர் பழையபடி "ஓம் மச்சான்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

6

வெள்ளிக்கிழமை, யாழ்ப்பாணக் கடலோரத்துக் கொழும்புத்துறையில் இருந்து மாப்பிள்ளை பகுதி வந்தது. நான் வேட்டி கட்டிக்கொண்டு சபையில் இருந்தேன். பலகாரம் வந்தது, தேத்தண்ணி வந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் தோணியும் வலையும் வைத்திருந்த குடும்பத்து ஆள். கடற்காற்றில் காய்ந்த முகம். வெளிநாட்டுத் தாய்மாமன் என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தார். நானும் அவரை அப்படித்தான் பார்த்தேன்.

வளவைச் சுற்றிக்காட்டப் போனபோது அவர் பழைய கொட்டில் வாசலில் நின்றார்.

"இதுக்கை ரெண்டு மெசின் நிண்டதெல்லே?"

வந்தவுடன் கேட்கிற கேள்வியைப் பாருங்கள். பிள்ளை என்ன படித்தது என்று கேட்கவில்லை. எனக்கு நெஞ்சுக்குள் பழைய சந்தேகம் பூனைபோல எழும்பி முதுகை வளைத்தது. தவராசா என்னைப் பார்த்தார். அது மச்சானின்ரை சாமான், அவரின்ரை காணியிலை நிக்குது என்று சொல்ல அவர் ஆயத்தமாக நின்றார். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் அவர் போல்ற் வெட்டியதும், தளம் போட்டதும், தகரம் ஏற்றியதும்.

நான் முந்திக்கொண்டேன். பொட்டால் அவரை என் காணிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பாண்ட்சோவின் பிரேக்கைக் காலால் தட்டி விட்டு, ஒரு கையால் தள்ளினேன். அது நல்ல பிள்ளையாக நகர்ந்தது.

"இது வீட்டோடை இல்லை" என்றேன். "காணியோடையும் இல்லை. சில்லிலை நிக்குது, பாருங்கோ. இது பிள்ளையின்ரை. அவள் எங்கை இருக்கிறாளோ அங்கை நிக்கும். எழுத்திலை வராது. ஒருத்தரும் கேக்கவும் ஏலாது."

சொல்லிவிட்டு அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். முகம் சுழித்தால் அந்த இடத்திலேயே தேத்தண்ணியைத் திருப்பி வாங்கியிருப்பேன்.

அவர் குனிந்து சில்லைப் பார்த்தார். விரலால் சுற்றினார். பிறகு மூலையில் இருந்த சின்ன மேசையைத் தூக்கி, காலின் வளைவைத் தடவினார்.

"மருமோளோ செய்தவ?"

"ஓம்."

"கொழும்புத்துறைக்குக் கொண்டுவாறதெண்டால் இப்பிடித் திறந்த கொட்டில் சரிவராது" என்றார். "உப்புக்காத்து. இரும்பு கறள் பிடிச்சுப்போம். நாலு பக்கமும் சுவர் வைச்சுத்தான் கட்டவேணும். பாப்பம்."

மருமோள் என்று அவர் தன்பாட்டில் சொல்லிவிட்டதை ரஞ்சிதான் முதலில் பிடித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். தவராசா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மெசினுக்குப் பக்கத்தில் போனார். பிறகு குனிந்து பிரேக்கைத் திரும்ப அமத்திவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"தேத்தண்ணி ஆறுது, மச்சான்" என்றார்.

7

திரும்பி வந்து ஒரு மாதமாகிறது. இங்கே இலை எல்லாம் கொட்டிவிட்டது, காரை உள்ளே விடவேண்டிய காலம். வேலைமேசைக்குக் கீழே கிடந்த பெட்டியை இழுத்து, சாக்கை எடுத்தேன். சனிக்கிழமை ஆரணி வந்தாள். காரைத் தூக்குகிற யக்கால் நான் மேசைவாளை ஒவ்வொரு பக்கமாகத் தூக்க, அவள் பழைய சில்லைக் கழற்றினாள். தகட்டின் துளைகள் பொருந்தவில்லை. புதுத்துளை போட்டோம். கையெல்லாம் கிறீஸ். மெசின் முந்தியைவிடக் கொஞ்சம் உயர்ந்து நின்றது. எனக்கு அது முதுகுக்கு நல்லது என்று அவள் சொன்னாள், ஆங்கிலத்தில்.

நிலானியின் கலியாணம் தை மாதம். நாள் வைத்தவுடன் ரஞ்சி முதலில் எனக்குத்தான் எடுத்தாள். தான் ஆரணிக்கு இன்னும் சொல்லவில்லை என்று இரண்டு முறை சொன்னாள்.

கராச் கதவு திறந்து கிடந்தது. ஆரணி கையைத் துடைத்துவிட்டு, மெசினின் மற்றப் பக்கத்தைப் பிடித்தாள்.

"அப்பா, இதைக் கொஞ்சம் வெளியிலை தள்ளுவமோ?" என்றாள்.

சுத்தத் தமிழ். கராச்சுக்கு வெளியே வாசல். வாசலுக்கு அப்பால் றோட்டு. ஏன் என்ற கேள்வி என் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

"ஓம்" என்றேன்.

அவள் இழுக்க நான் பின்னால் தள்ளினேன். மெசின் ஒரு பாரமுமில்லாமல் போனது. கேட்காமல் இருக்கிறதுதான் பாரமாக இருந்தது.